மில்ஃபோர்டுக்குப் போகாத நாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது ஊசியில் தானே நூல் கோக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பார்வை தெளிந்துவிட்டது என்று சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. டாக்டர் சொன்ன நாள் வரை போடட்டும்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்தாயிற்று. சின்னவனுக்கு நான்கு வயது முடிந்தது. "ஏன்" என்ற ஒரு சொல்லே அவனுக்குக் காலையிலிருந்து இரவு வரை போதும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தின் தென்தீவை மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) பத்து நாளில் ஒரு சுற்று சுற்றிவர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய திட்டத்தை இவரும் நானும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தோம். கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பி டெகாப்போ, மவுண்ட் குக், வனாக்கா, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்டு, அப்புறம் மேற்குக் கரைப் பனியாறுகள், ஆர்தர்ஸ் பாஸ் வழியாகத் திரும்பி மறுபடி கிறைஸ்ட்சர்ச். முடியும். ஆனால் குழந்தைகளோடு வேண்டாம். பாதியை வெட்டிவிடு. நாங்களும் போன ஏப்ரலில் கிட்டத்தட்ட இதே திட்டத்தோடுதான் போனோம், பதினான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு. மேற்குக் கரையைப் பார்க்காமலே திரும்பினோம்.

முதலில் தூரக் கணக்கு. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாப்போ சுமார் 225 கிலோமீட்டர். போன் காட்டும் நேரம் மூன்று மணி. எங்களுக்கு ஐந்தரை மணி ஆயிற்று. ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு 100 என்றாலும், 3,500 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு 90தான். அதற்கு மேல், ஏழு மீட்டர் நீள வண்டி வளைவில் எப்படித் திரும்பும் என்று கைக்குப் பழகவே இரண்டு நாள் பிடிக்கும். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது பெரிய ஆறுதல். ஒற்றைத்தடப் பாலங்கள் நிறைய வரும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு நம் பக்கம் இருந்தால் நமக்கு முன்னுரிமை. வட்டப் பலகையில் நம் பக்கத்து அம்பு சின்னதாக, சிவப்பாக இருந்தால் நின்று எதிரில் வருபவரை விட வேண்டும். இதை உன் வீட்டுக்காரரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடு.

வண்டி வீடு மாதிரி இருப்பதால், ஓடும்போதும் பிள்ளைகள் உள்ளே விளையாடலாம் என்று நீ நினைத்திருக்கிறாய் போலிருக்கிறது. கூடாது. ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே ஆகவேண்டும். ஏழு வயது முடியாத பிள்ளைக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை அங்கே கட்டாயம். இதில் முக்கியமான ஒன்று: ஆறு பேர் படுக்கும் வண்டி என்றால் ஆறு இருக்கையிலும் குழந்தை இருக்கை கட்ட முடியும் என்று அர்த்தமில்லை. கொக்கி உள்ள இருக்கைகள் சிலதான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே உன் இரண்டு பிள்ளைகளின் வயதையும் சொல்லி, எந்தெந்த இருக்கை என்று எழுத்தில் வாங்கிக்கொள். எங்களுக்கு வண்டி கொடுத்த இடத்தில் இதைச் சரியாகச் சொல்லவில்லை. இருக்கைகளை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் அரை நாள் போயிற்று.

முதல் ரவுண்டானாவிலேயே சமையலறை இழுப்பறை திறந்துகொண்டது. கரண்டி, தட்டு, டம்ளர் எல்லாம் தரையில் உருண்டன. சின்னவன் பயந்து அழுதான். எனக்கும் படபடப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்று சாயங்காலம் பெரியவளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தோம். தினமும் கிளம்பும் முன் அவள் வண்டிக்குள் ஒரு முறை நடந்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டுச் சொல்ல வேண்டும். "இழுப்பறை, பூட்டியாச்சு. ஃபிரிட்ஜ், பூட்டியாச்சு. மேல் ஜன்னல், மூடியாச்சு. கேஸ், மூடியாச்சு. படி, உள்ளே. வயர், சுருட்டியாச்சு." கடைசியில் தம்பியின் பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "போகலாம்ப்பா" என்பாள். அந்தச் சொல் வராமல் இவர் சாவியைத் திருப்ப மாட்டார். ஆறு வயதுப் பெண் ஒரு பெரிய வண்டியையே கிளப்பி விடுகிறாள் என்ற பெருமிதத்தை அவள் முகத்தில் தினமும் பார்த்தேன். உன் மகளுக்கும் கட்டாயம் இப்படி ஒன்றைக் கொடு.

கழிப்பறை பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். தயங்க ஒன்றுமே இல்லை. கழிவு ஒரு பெட்டியில் சேரும். வண்டியின் வெளிப்புறம் ஒரு சின்னக் கதவைத் திறந்து பெட்டியை உருவி, அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பெட்டி நிரம்பும்வரை காத்திருக்காதே, தூக்க முடியாது. குடிநீர் பிடிக்கும் குழாயும் பெட்டி கழுவும் குழாயும் சில இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பலகையைப் படித்துவிட்டுத்தான் கை வைக்கணும்.

மின் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்டு, அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் இடம், கிடைத்தால்தான் மைக்ரோவேவும் சுவரில் உள்ள பிளக்குகளும் வேலை செய்யும். மற்ற இரவுகளில் பேட்டரி விளக்கும் கேஸ் அடுப்பும்தான். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கவும் முடியாது. ஒவ்வொரு பகுதி நிர்வாகத்துக்கும் ஒரு விதி. தன்னிறைவு வண்டிகளுக்கு (தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்பவை) மட்டும் என்று போட்டிருக்கும் இடங்களில் நிறுத்த, 2023இல் வந்த சட்டப்படி வண்டிக்குள்ளேயே நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருக்க வேண்டும், அதற்கான சான்றும் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் உணவுப்பொருள் எதுவாக இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிடு. மறந்துபோய் ஒரு ஆப்பிள் பையில் கிடந்தாலும் 400 டாலர் அபராதம். ஷூவில் மண் ஒட்டியிருந்தால் கழுவி எடுத்துப் போ, அதையும் பார்க்கிறார்கள்.

டெகாப்போவில் இரண்டு இரவு தங்கினோம். ஏரியின் நிறத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பால் கலந்த நீலம். பனியாறு பாறையை அரைத்து அரைத்து உண்டாக்கும் மாவு போன்ற தூள் தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. ஏரிக்கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. எல்லோரும் அதைப் படம் எடுக்க, எங்கள் சின்னவன் பக்கத்தில் இருக்கும் ஆடு மேய்க்கும் நாயின் வெண்கலச் சிலையோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். நானும் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பகுதியை 2012இல் இருள்வான் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். விளக்குகளுக்குக் கட்டுப்பாடு. ஏப்ரலில் போனால் ஒரு பெரிய வசதி, ஏழரைக்கே நன்றாக இருட்டிவிடும். கோடையில் போனால் இருட்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். வண்டிக்கு வெளியே போர்வையை விரித்து நாலு பேரும் மல்லாந்து படுத்தோம். உச்சி வானத்துக்குப் பக்கத்தில் அகத்தியர் நட்சத்திரம். சின்ன வயதில் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே தாத்தா காட்டிய அதே நட்சத்திரம், இங்கே தலைக்கு மேலே நின்றது. தென்கிழக்கில் திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவை. இரண்டு மேகத் துண்டுகள் நகராமல் நின்றன. அவை மெகல்லன் மேகங்கள், நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் வேறு நட்சத்திரக் கூட்டங்கள். பெரியதிலிருந்து வெளிச்சம் கிளம்பி நம்மிடம் வர ஏறக்குறைய 1,60,000 ஆண்டு ஆகும் என்று இவர் சொன்னார். "அப்போ அது கிளம்பும்போது நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்டாள் பெரியவள். இவர் பதில் சொல்லவில்லை. நானும்தான். குளிரில் அவள் கையை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தலாம். மின்சாரம் கிடையாது. ராத்திரியில் எதிர்மலையில் பனிப்பாறை உடைந்து விழும் சத்தம் இடி மாதிரி கேட்கும். அந்த மலையை அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் ஆவ்ராகி என்கிறார்கள். 3,724 மீட்டர். வானத் தந்தையின் மகன்கள் படகில் வந்தார்கள், படகு தரைதட்டிச் சாய்ந்தது, உயரமான பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அண்ணன் தம்பிகள் அப்படியே கல்லாகிப் போனார்கள், மூத்தவன்தான் ஆவ்ராகி என்பது அவர்கள் கதை. பெரியவள் இதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அங்கிருந்து கீ பாயின்ட் வரைக்கும் ஒரு நடை இருக்கிறது. பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் போய்வந்துவிடலாம். நாங்கள் மூன்று மணி நேரம் நடந்தோம், கூழாங்கல் பொறுக்கிக்கொண்டே.

அப்புறம் தே அனாவ் என்ற ஊர். மில்ஃபோர்டுக்கு அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பயணத்துக்கு முன்னால் இவர் அதிகமாகப் படித்து வைத்திருந்தது அந்தப் பாதையைப் பற்றித்தான். கருங்கல்லைக் குடைந்து 1954இல் திறந்த ஹோமர் சுரங்கப்பாதை, வண்டியின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும் கியா கிளிகள், கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் மலைகள். காலையில் எழுந்தால் கொட்டுகிறது மழை. மில்ஃபோர்டு ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். பாதை மூடியிருக்கிறது என்று அறிவிப்பு. இவர் முகம் வாடிப்போயிற்று. மறுநாளும் திறக்குமா தெரியாது என்றார்கள்.

அன்று முழுக்க நாங்கள் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கூரை மெல்லிசு என்பதால் மழைச்சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே. ஹீட்டர் போட்டு, சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கிவிட்டோம். சோறு பொங்கும் ஆவியில் ஜன்னல் கண்ணாடி மூடிக்கொண்டது. சின்னவன் அதில் விரலால் ஒரு நாயை வரைந்தான். அது வழிந்து கரைந்தது. மறுபடி வரைந்தான். பெரியவள் கூழாங்கற்களைக் கொட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தாள், மூத்த கல் ஆவ்ராகி. மத்தியானத்துக்கு மேல் இவரும் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாலு பேர், ஆறடி இடம், போக வேண்டிய இடம் எதுவுமில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் ஒரு நாள் முழுக்கப் போனைத் தொடாமல் இருந்தது அன்றுதான். ஊருக்கு வந்த பிறகு பள்ளியில் பயணம் பற்றிப் படம் வரையச் சொன்னார்கள். பெரியவள் ஏரியும் மலையும் வரைவாள் என்று பார்த்தேன். ஒரு வண்டியும், அதன் மேல் நிறையக் கோடுகளும் வரைந்திருந்தாள். கோடுகள் மழையாம்.

அன்று ராத்திரிதான் மேற்குக் கரையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். கிழக்கே திரும்பி, தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக வந்தோம். வழியில் மொயராக்கி. கடற்கரையில் உருண்டை உருண்டையாகப் பாறைகள், பெரியவை இரண்டு மீட்டர் குறுக்களவு. சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் கால்சைட் என்ற தாது ஒட்டி ஒட்டித் திரண்டவை. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போ. இங்கேயும் மாவோரிகளிடம் ஒரு கதை உண்டு. உடைந்த படகிலிருந்து கரை ஒதுங்கிய சுரைக்குடுவைகளும் மீன்கூடைகளும்தான் இந்தப் பாறைகள். பெரியவள் நின்று யோசித்தாள். "இந்த ஊரில் படகு உடைந்தால் எல்லாமே கல்லாகிவிடுமா அம்மா?" என்றாள். இரண்டு கதைக்கும் நடுவில் எட்டு நாள். அவள் மறக்கவில்லை. நாங்கள் அவசரமாகக் கூட்டிப்போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது, இல்லையா?

ஓமருவில் இருட்டும் நேரத்தில் நீலப் பென்குயின்கள் கரையேறுவதைப் பார்த்தோம். உலகத்திலேயே சின்னப் பென்குயின், ஒரு கிலோதான் எடை. தத்தித் தத்தி வரும். சின்னவன் என் தோளிலேயே தூங்கிவிட்டான், எழுப்பவில்லை.

ஆகவே உன் பத்து நாளுக்கு என் யோசனை: கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, மவுண்ட் குக், அங்கிருந்து ஓமரு, மொயராக்கி, திரும்ப கிறைஸ்ட்சர்ச். போதும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரவு. இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதே, தூக்கம் கெட்டிருக்கும். ஏரிக்கரையில் மணல் ஈ கடிக்கும், கொசுவைவிட மோசமாக அரிக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கால்சட்டை நிறைய எடுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரருக்கு மில்ஃபோர்டு ஆசை இருக்கும், தெரியும். இவருக்கும் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு நாம் நாலு பேரும் சேர்ந்து போகலாமே என்று இவர் சொல்கிறார். யோசித்துச் சொல்.

டிக்கெட் தேதி முடிவானதும் எழுது. பெரியவளின் கம்பளிக் குல்லாயும் மழைக்கோட்டும் அவளுக்குப் பத்தாமல் போய்விட்டன, உன் மகளுக்கு அளவு சரியாக இருக்கும். துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மழைக்கோட்டின் பையில் மூன்று கூழாங்கல் கிடக்கின்றன. அவற்றை எடுக்கக் கூடாதாம், கோட்டோடு சேர்த்தே கொடுக்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
உன் தோழி