ஸ்கேன் ரிப்போர்ட்டை எங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும்,

வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். புதுக் கார் வாங்கி, ஒரே பழுது மறுபடி மறுபடி வந்து, வாரண்டி இருந்தும் தீராமல் அலைகிறவர்களில் நானும் ஒருவன். கம்பெனியின் பெயரையோ ஷோரூமின் பெயரையோ இங்கே எழுதவில்லை. என் வண்டிக்கு நியாயம் கேட்க, வழக்கு விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு.

பழுது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்கரச் சாலையில் சீராக ஓட்டிக்கொண்டு வரும்போது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதோடு இழுவை போய்விடும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நாற்பதுக்கு மேல் ஏறாது. பாளையங்கோட்டையில் அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, நாங்குநேரி டோல்கேட் தாண்டி வள்ளியூர் வருவதற்குள் பெரும்பாலும் இது நடக்கும். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்று ஓடுகிற காரையே பக்கவாட்டில் தள்ளும். அந்தக் காற்றில், பின்னால் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு வர, இழுவை இல்லாத வண்டியை இடதுபக்கம் ஒதுக்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும். ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும்.

இதை ஒர்க்‌ஷாப்பில் காட்டுவதுதான் பெரும்பாடு. சர்வீஸ் அட்வைசர் தம்பி மரியாதையான பையன். ஏறி உட்கார்ந்து பைபாஸில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து, "வண்டி நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி" என்பார். காலை நேரம், சூடேறாத எஞ்சின், கொஞ்ச தூர ஓட்டம். எப்படித் தெரியும்? அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டுவார்கள். திரையில் ஒரு எழுத்தும் நான்கு எண்களுமாகப் பழுதின் குறியீடு வரும். நான் எட்டிப் பார்ப்பதற்குள் மெக்கானிக் ஒரு பட்டனைத் தட்டி, "பழைய எரர்தான், அழிச்சாச்சு" என்பார். வண்டியில் பார்த்த வேலையை எழுதித் தருகிற ஜாப் கார்டில் "சோதித்ததில் குறை ஏதும் தென்படவில்லை" என்று அச்சாகி வரும். ஒரு முறை சென்சார் மாற்றினார்கள். இன்னொரு முறை சாஃப்ட்வேர் அப்டேட் என்றார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான்.

அந்த ஒரு பட்டனைப் பற்றித்தான் இந்த மடலே.

விளக்கு எரிகிற அந்தக் கணத்தில் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பழுதின் குறியீட்டை மட்டும் குறித்துவைப்பதில்லை. அந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது. விளக்கு தானாக அணைந்த பிறகும் அந்தப் பதிவு கொஞ்ச காலம் உள்ளே கிடக்கும். ஸ்கேனரில் குறியீட்டை அழித்தால் இந்த விவரமும் சேர்ந்தே போய்விடும். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே என்ன நடந்தது என்பதற்கு என்னையும் அம்மாவையும் தவிர இருக்கிற ஒரே சாட்சி அது. அழிப்பதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டுப் பார்த்தேன். "அது கம்பெனி இன்டர்னல் சார், வெளியே தரக் கூடாது" என்று பதில் வந்தது. சாதாரணமாக அண்ணாச்சி என்று பேசுகிற பையன், இதைச் சொல்லும்போது மட்டும் சார் என்றார்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறது. கார் வாங்கிய ஊருக்கோ கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கோ போகாமல், நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். கட்டணமும் சில நூறு ரூபாய்தான், அதிகம் போனால் ஆயிரம். குறை நிரூபணமானால் சரிசெய்யச் சொல்லலாம், பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். இதெல்லாம் நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் நிரூபிக்க வேண்டியது யார்? வாங்கினவன்தான். உற்பத்திக் குறை என்று வாதிட்டால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது நிபுணர் அறிக்கை. பரிசோதனைக்கு அனுப்ப சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்கான செலவை முதலில் புகார் செய்தவர் கட்ட வேண்டும். வந்து வந்து மறைகிற பழுது பரிசோதனை நாளன்று வரும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? கடைசியில் மிஞ்சுவது ஜாப் கார்டுகள். அவற்றை எழுதுவது யார் மேல் புகாரோ அவர்கள். 2006ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் இருக்கிறது, ஆகவே முழுக் காரையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றது. பாகத்தை மாற்றியும் பழுது தீரவில்லை என்று காட்டினால்தானே எங்கள் வழக்கு நிற்கும்? அதைக் காட்ட வேண்டிய காகிதத்தில் "குறை தென்படவில்லை" என்று எழுதி, வண்டியை எடுக்க வேண்டுமென்றால் கீழே கையெழுத்துப் போடு என்று நீட்டுகிறார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ஒருவர் லோனில் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார். சொந்தப் பிழைப்புக்காக வாங்கி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. அவருக்கு கிளட்ச். மாற்றினார்கள், மறுபடி போனது, "தேய்மானம், வாரண்டியில் வராது" என்று முடித்துவிட்டார்கள். குற்றாலம் சீசனில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்க, மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் வழக்குப் போடவில்லை. போட்டால் அலைகிற நாளுக்கு யார் சம்பளம் தருவது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒர்க்‌ஷாப் பையன்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. வண்டியை ஒப்படைத்த மறுநாள் கம்பெனியிலிருந்து திருப்தியா என்று கேட்டு போன் வரும். அதற்கு முன்னாலேயே அந்தத் தம்பி கூப்பிட்டு, "அண்ணாச்சி, பத்துக்குப் பத்து சொல்லிருங்க, ஒம்பது சொன்னாக்கூட எனக்கு இன்சென்டிவ் கட்டாயிரும்" என்பார். பழுதுள்ள வண்டிக்குப் பத்து மார்க் போட்டால் கம்பெனியின் கணக்கில் நான் திருப்தியான வாடிக்கையாளர். போடாவிட்டால் ஒரு சின்னப் பையனின் சம்பளத்தில் கை வைத்தவன். கம்பெனி தன் குறையைத் தானே அறிந்துகொள்ள வேண்டிய வழியை இப்படி அடைத்துவைத்திருப்பது யாருக்கும் நல்லதில்லை.

குறையுள்ள வாகனங்களைக் கம்பெனி திரும்பப் பெறும் விதி 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே மாடலில் குறிப்பிட்ட அளவுக்குப் புகார்கள் சேர்ந்தால் அரசே தலையிடலாம். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் "குறை தென்படவில்லை" என்றே எழுதிக்கொண்டிருந்தால், தன் வண்டிக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த எண்ணிக்கை எப்போது சேர்வது?

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022ல் வழிகாட்டுதல் வெளியிட்டது இதே மத்திய ஆணையம். அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கினீர்கள், அதில் வாகனத் துறையும் உண்டு. கார் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் அப்படி ஒரு வழிகாட்டுதல் வேண்டும். வாடிக்கையாளர் சொன்ன புகார் அவர் சொன்ன வார்த்தையிலேயே, தமிழில் சொன்னால் தமிழிலேயே, ஜாப் கார்டில் ஏற வேண்டும். குறியீட்டை அழிப்பதற்கு முன் முழு ஸ்கேன் ரிப்போர்ட்டை வண்டிக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். கழற்றிய பாகம் எது, ஏன் கழற்றினார்கள் என்று எழுத வேண்டும். பழுது தீரவில்லை என்று வாடிக்கையாளர் கையெழுத்துக்கு மேலே எழுதினால் அதைத் தடுக்கக் கூடாது.

இவை ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வருபவை. சட்டத் திருத்தம் தேவைப்படுகிற ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982லேயே, தீராத பழுதுள்ள புதுக் காரை மாற்றித் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. சிங்கப்பூரில் 2012 முதல், பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் பிழைக்கப் போன ஊர்தான் அது. அங்கே நடக்கிறது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

இன்னொன்று, மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி கிடையாது, பழைய வாரண்டியில் மிச்சம் இருக்கிற நாள்தான் என்று பல கம்பெனிகள் எழுதிவைத்திருக்கின்றன. வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற நாளும் அந்தக் கணக்கிலேயே கழிகிறது. அந்த நாட்களை வாரண்டியோடு கூட்டிக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். என் வாரண்டி முடிய இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் உங்கள் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பணகுடியிலிருந்து ஒரு கார் உரிமையாளர்