மூணு கம்பியை வெட்டுங்க, நாலை வெட்டாதீங்க

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரக் கல்வி இணைப்புல டிப்ளமோ பசங்களுக்கு ட்ரஸ் கணக்கு போட்டிருந்தீங்க, கம்பிகளை முக்கோணமா கோத்துக் கூரையையும் பாலத்தையும் தாங்குத சட்டம் இருக்குல்லா, அந்தக் கணக்கு. நல்ல காரியம், தமிழ்ல இதெல்லாம் யாரு போடுதா. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, செக்‌ஷன் முறை, அதாவது ட்ரஸை ஒரு கோட்டால வெட்டுன மாதிரி நினைச்சுக் கம்பியில வர்ற விசையைக் கணக்குப் போடுதது, இனி பரீட்சைக்கு மட்டும்தான், நிஜ வேலையில சாப்ட்வேர் பாத்துக்கும்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. பேட்டையில பட்டறை வச்சிருக்கேன், ட்ரஸ் அடிச்சு ஏத்தி விடுததுதான் என் பொழப்பு, எங்க வேலையைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி இப்படி முடிவு பண்ணுனீங்கன்னு வருத்தமா இருக்கு.

அந்தக் கணக்கோட வந்த படத்தைப் பத்தியும் சொல்லணும். பெருக்கல் குறி மாதிரி ரெண்டு டயகனல், அதான் சாய்வுக் கம்பி, இருக்குற பேனல்ல, அதாவது ட்ரஸோட ஒரு கட்டத்துல, வெட்டுக்கோடு போட்டுருக்கீங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, குறுக்க ரெண்டு, ஆக நாலு கம்பி வெட்டுப்படுது. நம்ம கையில இருக்குறது மூணே சமன்பாடு, படுக்கை விசை, செங்குத்து விசை, மொமென்ட், அதாவது விசையோட சுழற்றுற வேகம். மூணை வச்சு நாலை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அந்த ரெண்டு டயகனலும் ஒல்லிக் கம்பி, இழுவை மட்டும்தான் தாங்கும், அமுக்கம் வர்ற கம்பியைக் கணக்குல விட்ருங்கன்னு ஒரு வரி போட்டிருந்தாலாவது சரி. அதுவும் இல்ல. எங்க தெருப் பையன் ஒருத்தன் அதை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கான், விடை வரலன்னு என்கிட்ட வந்து நிக்கான்.

சரியா எப்படிப் போடணும்னா, 18 மீட்டர் ட்ரஸ், 3 மீட்டர் பேனல் 6, உயரம் 4 மீட்டர். டயகனல் எல்லாம் மேல இருந்து நடுவைப் பாத்துக் கீழ எறங்குது. கீழ நடுவுல இருக்குற 5 ஜாயிண்ட்லயும் 20 கிலோநியூட்டன் தொங்குது, அதாவது ஒவ்வொண்ணுலயும் ஏறக்குறைய 2 டன். மொத்தம் 100, ரெண்டு பக்கத் தாங்கலும் ஆளுக்கு 50. இப்ப மூணாவது பேனலை மட்டும் வெட்டி இடது துண்டை எடுத்துக்கங்க. மேல்கம்பி வேணுமா, மத்த ரெண்டு கம்பியும் சந்திக்குற கீழ் ஜாயிண்ட்ல, அதாவது 9 மீட்டர்ல மொமென்ட் எடுங்க, அந்த ரெண்டும் கணக்கை விட்டே போயிரும். 50 பெருக்கல் 9, அதுல 20 பெருக்கல் 6-ம் 20 பெருக்கல் 3-ம் போனா 270, உயரம் 4-ஆல வகுத்தா 67.5, அமுக்கம். கீழ்கம்பிக்கு 6 மீட்டர்ல மேல் ஜாயிண்டைப் பிடிச்சா 240, வகுத்தா 60, இழுவை. டயகனலுக்கு மொமென்டே வேண்டாம், 50-ல ரெண்டு லோடு 40 போக மிச்சம் 10, அதை 0.8-ஆல (உயரம் 4-ஐ டயகனல் நீளம் 5-ஆல வகுத்தது) வகுத்தா 12.5, இழுவை. சரிதானான்னு பாக்கணுமா, 12.5-ல படுக்கைப் பங்கு 7.5, அதோட 60-ஐக் கூட்டுனா 67.5, மேல்கம்பிக்கு வந்த அதே எண்ணு. ஜாயிண்ட் ஜாயிண்டா போயிருந்தா தாங்கல்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நகந்து வரணும், முதல் ஜாயிண்ட்ல ஒரு எண்ணு தப்புனா கடைசி வரைக்கும் அந்தத் தப்பு கூடவே வரும்.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டுதேன்னா, தென்காசிப் பக்கம் ஒரு மண்டப வேலையில ஒரு இன்ஜினியர் தம்பி போன்ல சாப்ட்வேர் ரிசல்ட்டைக் காட்டி, "அண்ணாச்சி, நடு டயகனல்ல ஒண்ணுமே வரல, எடுத்துருவோம், ஏசி டக்ட் போக வழி கிடைக்கும்"னாரு. நான் கீழ கிடந்த பிளேட்டுல சாக்பீஸால ட்ரஸை வரைஞ்சு, ஒரு கோடு வெட்டி, இடது பாதியில மட்டும் லோடை வச்சுக் காட்டுனேன். மேல சொன்ன கணக்குலயே பாருங்க, 3 மீட்டர்லயும் 6 மீட்டர்லயும் மட்டும் 20, 20 தொங்குனா இடது தாங்கல் 30, மிச்சம் மைனஸ் 10, அதே டயகனல் அதே 12.5, ஆனா இப்ப அமுக்கம். அந்தத் தம்பி முழு லோடு ஒண்ணை மட்டும்தான் மெஷினுக்குக் குடுத்திருந்தாரு, மெஷின் கேட்டதுக்குப் பதில் சொல்லிருச்சு. கம்பியை எடுத்துட்டா அந்த 10-ஐத் தாங்க ஆளே இல்ல, பேனல் நாலுமூலைச் சட்டமா நின்னு சரிஞ்சிரும். கோட்டைப் பாத்ததும் அவருக்கே புரிஞ்சிட்டு, டக்டை வேற வழியா விட்டாங்க. மெஷின் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல, எங்க பட்டறையிலயும் இருக்கு. அதுகிட்ட என்ன கேக்கணும்னு தெரியணும்லா, அதுக்குத்தான் இந்த வெட்டு.

ஆனி ஆடியில நம்ம பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல, கயத்தாறுலயும் முப்பந்தல்லயும் காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான். எந்தக் கொட்டகை விழுந்தாலும் "சூறைக்காற்றில் சரிந்தது"ன்னு போடுதீங்க, ஏன் சரிஞ்சதுன்னு ஒரு நாளாவது ஒரு வரி வந்திருக்கா? விழுந்த கொட்டகை ஒண்ணை நான் போய்ப் பாத்தேன். வெல்டு ஒண்ணு கூட விடல, கீழ்கம்பி ஆங்கிள் பக்கவாட்டுல வில்லா வளைஞ்சு கிடந்தது. தகரக் கூரையைக் காத்து மேல இழுக்குது, அந்த இழுப்பு கூரை எடையைத் தாண்டுனா இழுவை எல்லாம் அமுக்கமாயிரும், இழுவைக்குன்னு போட்ட ஒல்லி ஆங்கிள் எப்படி நிக்கும்? இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதி ஐஎஸ் 800, 2007-லயே ஒல்லித்தனத்துக்கு, அதாவது கம்பி அதோட பருமனைப் பாத்து எவ்வளவு நீளம் இருக்கலாம்ங்கறதுக்கு, உச்ச அளவு இருக்கு, எப்பவும் இழுவையில இருக்குற கம்பிக்கு 400, காத்தால இழுவை அமுக்கமா மாறுற கம்பிக்கு 350, சாதா அமுக்கத்துக்கு 180. இதையெல்லாம் எழுதிப் போன வருசமே கடிதம் போட்டேன், வரல. கோபத்துல சொல்லல, இடம் இருந்திருக்காது.

தாமிரபரணி மேல இருக்குற சுலோச்சன முதலியார் பாலம், 1843-ல திறந்தது, கல் வளைவு, அதைப் படத்துக்குக் கீழ ட்ரஸ் பாலம்னு ஒரு தடவை போட்டீங்க. அப்பவும் எழுதுனேன். திருத்தம் வரல. பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டுன்னு நீங்கதான் வாரம் தவறாம எழுதுதீங்க, அந்த ஊருப் பிள்ளைங்க வாசிக்குற பேப்பர்ல இப்படி வரலாமா அண்ணாச்சி.

1860-கள்ல ஜெர்மன்காரர் ரிட்டர் இந்த வெட்டு முறையைப் புத்தகமா எழுதுனதே இரும்புக் கூரைக்கும் இரும்புப் பாலத்துக்கும்தான், பரீட்சைக்கு இல்ல. நாங்க பேட்டையில அடிக்கதும் அதே இரும்புக் கூரைதான்.

கேக்குறது பெருசு ஒண்ணும் இல்ல. வர்ற இணைப்புல அந்தப் படத்தை மாத்தி, வெட்டுல மூணு கம்பி மட்டும் வர்ற மாதிரி போடுங்க, அந்தக் கடைசி வரி தப்புன்னு ஒரு திருத்தம் போடுங்க. என் பேரு வேண்டாம். படத்தை நானே ஸ்கேல் வச்சு வரைஞ்சு இதோட வச்சிருக்கேன், தயவுசெஞ்சு அதைச் சின்னதாக்கிராதீங்க, போன தடவை அம்புக்குறி எந்தப் பக்கம்னே தெரியல.

இப்படிக்கு,
பட்டறைக்காரன் ஒருத்தன்,
பேட்டை, திருநெல்வேலி.