முறுக்கிய அலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நீ மறுபடியும் பாடம் எடுக்கத் தொடங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கடைசியில் நீ போட்டிருந்த கேள்வி கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. "ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு ஸ்பினைக் கலைக்கும் தொல்லைதானே, அதில் என்ன அழகைக் கண்டாய்?"

தொல்லை என்பது பாதி உண்மை. ஸ்பின் என்பது எலக்ட்ரான் தன்னோடு சுமக்கும் குட்டிக் காந்தம் மாதிரி; அதை எலக்ட்ரானின் ஓட்டத்தோடு இணைப்பதுதான் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு. கேலியம் ஆர்சனைடு போன்ற குறைகடத்தியில் ஓடும் ஒவ்வொரு எலக்ட்ரானும், தான் போகும் திசைக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஒரு காந்தப்புலத்தை உணர்கிறது. படிக அமைப்பிலேயே தலைகீழ்ச் சமச்சீர் (ஒரு புள்ளி வழியே தலைகீழாக்கினாலும் மாறாத தன்மை) இல்லாததால் வருவது, 1955-இல் டிரெசல்ஹாஸ் காட்டிய வகை. மெல்லிய அடுக்கின் மேலும் கீழும் ஒன்றுபோல இல்லாவிட்டால் ராஷ்பா வகையும் சேரும். அவரவர் புலத்தைச் சுற்றி அவரவர் போக்கில் சுழன்றால், ஒன்றாகக் கிளம்பிய ஸ்பின்கள் சீக்கிரமே சிதறிவிடும். டியாகோனோவும் பெரலும் 1971-இல் சொன்னது இதைத்தான். உன் மாணவர்களுக்கும் இதுவரைதான் சொல்லிக்கொடுத்திருப்பாய்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன அல்லவா, அதையும் கணக்கில் சேர்த்துப் பார். காந்தப்புலத்தில் வைத்து ஸ்பின்களை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டால், அந்தத் தள்ளுவிசையே (கூலும் விசை) அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது. கூட்டம் முழுதும் ஒரே அலையாக அசைகிறது. காந்தப் பொருள்களுக்கென்று ப்ளாக் 1930-இல் சொன்ன ஸ்பின் அலை, இங்கே நகரும் எலக்ட்ரான் கூட்டத்திலேயே எழுகிறது. இதில் ஸ்பின்-ஆர்பிட் புகுந்தால் அலை உடைந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உடையவில்லை சேகர், முறுக்கிக்கொள்கிறது!

நேற்று இரவு ஒரு தாளில் வரிசையாக அம்புக்குறிகள் போட்டேன், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும்படி. அந்த முறுக்கோடு நாமும் சேர்ந்து திரும்பிக்கொண்டே போனால், முதல்படித் தோராயக் கணக்கில் ஸ்பின்-ஆர்பிட் காணாமல் போகிறது. மிஞ்சுவது பழைய அலைதான். வெளியே நின்று பார்த்தால் அலையின் ஆற்றல் வளைகோடு முழுசாகப் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அதாவது, வலப்பக்கம் போகும் அலைக்கும் இடப்பக்கம் போகும் அலைக்கும் ஆற்றல் ஒன்றல்ல. வெறும் தாள் கணக்கு என்று நினைக்காதே. காட்மியம் மாங்கனீசு டெல்லூரைடு அடுக்குகளில் ராமன் சிதறல் வைத்து, அதாவது ஒளியைப் பாய்ச்சிச் சிதறும் ஒளியின் ஆற்றல் மாற்றத்தைப் பார்த்து, அளந்திருக்கிறார்கள். படிகத்தைத் திருப்பத் திருப்ப ஸ்பின் அலையின் சிகரம் இடம் மாறுகிறது. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் தனித்தனிப் புலம், ஆனால் கூட்டத்துக்கு ஒரே முறுக்கு. எனக்குப் பட்ட அழகு அதுதான்.

ராஷ்பாவும் டிரெசல்ஹாஸும் சரிசமமானால் என்ன ஆகும் என்பது இன்னொரு கதை. அப்போது ஸ்பின் எவ்வளவு திரும்பும் என்பதை, எலக்ட்ரான் ஒரு திசையில் மொத்தம் எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டுமே முடிவு செய்யும். வழியில் எத்தனை முறை முட்டிமோதினாலும் சரி. 2006-இல் கணித்த இந்த ஸ்பின் சுருளை 2009-இல் சோதனையிலும் கண்டார்கள்.

அம்புக்குறித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த, இரண்டாம்படிக் கணக்கில் எனக்கு ஒரு கூட்டல்-கழித்தல் குறி இடிக்கிறது, பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். நீ ஒருமுறை போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
மூர்த்தி