படகுக் கட்டணம் 5 டாலர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடிப்படி மட்டும் ஏற விடுவதில்லை.

நண்பர்களோடு ஹாங்காங்கைச் சுற்றினேன் என்று நீ அனுப்பிய போட்டோக்களையும், அதோடு எழுதியதையும் பல தடவை பார்த்துவிட்டேன். காலை முதல் இரவு வரை சுற்றியும் ஆளுக்கு 100 ஹாங்காங் டாலர்கூட ஆகவில்லை என்று எழுதியிருந்தாய். நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அத்தை அதைப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, பையன் கெட்டிக்காரன்" என்றாள். எனக்கும் பெருமைதான். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் காயப்போடாதே. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் உனக்கு உண்டு. அதை விடு.

சி லின் மடத்து போட்டோவை உன் அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள். இரும்பு ஆணியே அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்து அவ்வளவு பெரிய கூரையைத் தாங்க வைத்திருக்கிறார்கள் என்றால், உன் தாத்தா இருந்திருந்தால் அன்றைக்கே டிக்கெட் போடச் சொல்லியிருப்பார். உள்ளே போகக் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தாய். நல்ல விஷயம். வோங் தாய் சின் கோயிலும் அப்படித்தானாம். அங்கே மூங்கில் குழலைக் குலுக்கிக் குறி பார்த்தாயாமே. மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு குலுக்க வேண்டும், கீழே விழுகிற குச்சியின் எண்ணுக்குப் பலன் சொல்வார்கள் என்று நீயே விளக்கியிருந்தாய். எந்த எண் விழுந்தது என்றும் எழுதினாய். நீ என்ன கேட்டாய் என்பதை எழுதவில்லை.

அக்கா வீட்டில் சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது. மேல் வரிசை. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் வரும்போல் இருக்கிறது. மற்ற விவரம் அவளே சொல்வாள்.

மதியம் வான் சாயில் சீக்கியர்களின் குருத்வாராவில் சாப்பிட்ட போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலையில் கைக்குட்டை கட்டி, தரையில் சம்மணம் போட்டு, தட்டில் ரொட்டியும் பருப்பும். யார் போனாலும் காசு வாங்காமல் சாப்பாடு போடுகிற இடம். அங்கே சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் கூட இருந்த மூன்று பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீயும்தான். ஆனால் நான் பார்த்தது உன் மணிக்கட்டை. நான் வாங்கிக்கொடுத்த வாட்ச், மூன்றாவது துளையில் மாட்டிக்கொண்டிருந்த பட்டை, இப்போது கடைசித் துளைக்குப் போயிருக்கிறது. அப்படியும் வாட்ச் கீழே சரிந்து எலும்பில் நிற்கிறது. சரியாகச் சாப்பிடு தம்பி. இலவசமோ காசோ, வேளைக்குச் சாப்பிடு.

மாதா மாதம் 5-ஆம் தேதிக்குள் நீ அனுப்பும் பணம் இந்த மாதமும் வந்துவிட்டது. என் பென்ஷனிலேயே வீடு ஓடும். மாடி வாடகையும் வருகிறது. இனிமேல் நீ அனுப்ப வேண்டாம். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. நிஜமாகவே வேண்டாம்.

நீ பேசித்தான் எத்தனை நாளாகிறது? "மீட்டிங்", "அப்புறம் பேசுகிறேன்" என்று இரண்டு வார்த்தை வரும். அந்த அப்புறம் வருவதே இல்லை. அம்மா கேட்டால், அவனுக்கு வேலை ஜாஸ்தி என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெற்றவர்களிடம் ஐந்து நிமிஷம் பேச நேரமில்லாதவனுக்கு ஒரு நாள் முழுக்கச் சுற்ற நேரம் இருக்கிறது. இப்படி எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன், அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அந்தப் படகு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டார் ஃபெர்ரி. படகு திரும்பாது, இருக்கையின் முதுகுப் பலகையைத் தள்ளிவிட்டால் நாம் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னதும் நானும் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அதை 1888-இல் ஆரம்பித்தவர் நம் நாட்டிலிருந்து போன டோராப்ஜி நௌரோஜி என்ற பார்சிக்காரர். டிராமும் 1904-இலிருந்து ஓடுகிறதாம். பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்கும்போது காசு, ஒரு நிறுத்தம் போனாலும் கடைசி வரை போனாலும் ஒரே கட்டணம். அம்மாவிடம் சொன்னேன், நம் டவுன் பஸ்ஸிலும் அப்படி இருந்தால் தேவலை என்றாள்.

அப்படித் தேடும்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நீ படகின் மேல் தளத்தில் உட்கார்ந்து வந்ததாகவும் 5 டாலர்தான் ஆனது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டணம் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும்தான். சனி, ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் கூடுதல். நீ போனது ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாய்.

ஞாபகப் பிசகாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்த எச்.எஸ்.பி.சி. பாங்க் வாசலில் வெண்கலச் சிங்கத்தின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீ போன புதிதில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிறு ஆனால் அந்தக் கட்டடத்துக்கு அடியில் நடக்க இடம் இருக்காது, வீட்டு வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் விடுமுறை என்று அட்டைப் பெட்டியை விரித்து உட்கார்ந்து கூடிச் சாப்பிடுவார்கள், ஒருவருக்கொருவர் தலை பின்னிவிடுவார்கள் என்றாய். அவர்களைப் பார்த்தால் அம்மாவும் அத்தையும் ஞாபகம் வருகிறார்கள் என்றாய். இந்தப் போட்டோவில் ஒருவர்கூட இல்லை. உனக்குப் பின்னால் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு பேர் வேகமாக நடந்து போகிறார்கள். உன் கழுத்தில் அது இல்லை.

லீவு போட்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். லீவு என்றால் லீவு என்று சொல்லியிருப்பாயே. ஞாயிறு என்று ஏன் சொல்ல வேண்டும்?

சரி, நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அது ஏன் என்று மட்டும் சொல்கிறேன். உன் அம்மாவுக்குக்கூட இதில் பாதிதான் தெரியும்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது மில்லில் எங்கள் செக்ஷனையே மூடிவிட்டார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. ஐந்து மாதம், தினமும் உன் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் கேரியரோடு வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினேன். எங்கே போவது? சில நாள் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. பல நாள் காந்தி மியூசியம், அங்கே டிக்கெட் கிடையாது. யாரும் எழுந்து போ என்று சொல்ல மாட்டார்கள். நூலகத்தில் பேப்பர் படிக்கலாம், மரத்தடியில் சாப்பிடலாம், தண்ணீர் உண்டு. காசில்லாமல் ஊரைச் சுற்ற எனக்கும் தெரியும் தம்பி. மதுரையில் எந்த மண்டபத்தில் எத்தனை மணிக்கு நிழல் வரும் என்று இன்றும் சொல்வேன். அந்த நாட்களில்தான் அம்மா செயினை அடகு வைத்துவிட்டு, கொக்கி சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

ஒரு நாள் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து வந்தீர்கள். நீ சிவப்புத் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டியிருந்தாய். நான் மரத்தடியில் கேரியரைத் திறந்து வைத்திருந்தேன். நீ என் பக்கம் திரும்பினாய். உன் கை லேசாக மேலே வந்தது. நான் சோற்றை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு, உன்னைப் பார்க்காதவன்போலக் கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் எல்லோரும் போகும் வரைக்கும் நின்றேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நீ எல்லாம் சொன்னாய். கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தியின் ரத்தக்கறை படிந்த துணி இருந்ததைச் சொன்னாய், டீச்சர் பேசாதே என்று அதட்டியதைச் சொன்னாய். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பார்க்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன். அப்புறம், பார்த்துவிட்டுத்தான் சொல்லாமல் இருக்கிறாய் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் உன்னிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. ஒன்பது வயதில் நீ எனக்காக ஒன்றை மறைத்தாய் என்றால், அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். எனக்கு இப்போது தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

போனில் எழுதினால் அம்மா எடுத்துப் படித்துவிடுவாள், அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். உங்கள் ஊரில் விசா வேலையோடு கட்டுப்பட்டது என்று படித்தேன். எத்தனை நாள் இருக்கலாம், திரும்பி வர டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதை எல்லாம் நாம் பேசிக்கொள்ளலாம். என் பெயரில் இருக்கும் டெபாசிட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வேலை நன்றாகவே இருக்கிறது, நான்தான் ஏதேதோ நினைத்துக்கொண்டேன் என்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் உன் அம்மா கோயிலுக்கு 6 மணிக்குப் போனால் வர ஏழரை ஆகும். உனக்கு அப்போது இரவு எட்டரையிலிருந்து பத்து. இந்தக் கடிதம் கையில் கிடைத்த பிறகு வரும் எந்த வெள்ளியானாலும் சரி. போனை நான் மாடிக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டிருப்பேன். அன்று மியூசியத்தில் என்னைப் பார்த்தாயா என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடு.

சாப்பிட்டுவிட்டுப் பேசு.

அன்புடன்,
அப்பா