சாவி வராத படமும் நெற்றி இல்லாத நடிகர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் திரைப்பட விழா களையிழந்ததற்கு ஓடிடி தளங்களே காரணம் என்கிறார்கள் அமைப்பாளர்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வீட்டிலேயே பார்த்துப் பழகியவர்களும் அரங்குக்கு வருவார்கள். முதலில் படம் ஒழுங்காக ஓட வேண்டும்.

கடைசியாக நடந்த விழாவில் ஒரு படம் தொடங்கவே இல்லை. டிஜிட்டல் பிரதி வந்துவிட்டது, அதைத் திறக்கும் சாவிதான், அதாவது கடவுச்சொல் போன்ற ஒரு டிஜிட்டல் கோப்புதான், வரவில்லையாம். அந்தச் சாவி அரங்கில் படத்தை ஓட்டும் குறிப்பிட்ட சர்வருக்கு (கணினிக்கு), குறிப்பிட்ட கால அளவுக்கு மட்டுமே செல்லுபடியாகும். கடைசி நேரத்தில் அரங்கை மாற்றினால் பழைய சாவி எப்படித் திறக்கும்? இன்னொன்று, 1.37:1 அளவில், அதாவது அகலம் உயரத்தைவிடக் கொஞ்சமே கூடுதலாக, எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். அகலத்திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். நடிகர்களுக்கு நெற்றி இல்லை, நமக்கு சப்டைட்டில் இல்லை. போய்ச் சொன்னால், "இதையெல்லாம் யார் சார் கவனிக்கிறாங்க?" என்று பதில். கவனிக்கிறவர்கள்தானே விழாவுக்கே வருகிறார்கள்!

1932-இல் வெனிஸில் நடந்த முதல் விழாவில் நடுவர் குழு கிடையாது; பார்வையாளர்களிடம்தான் வாக்கெடுத்தார்கள். இங்கே பார்வையாளருக்கு மிஞ்சுவது, விருந்தினர்களுக்கு ஒதுக்கியதுபோக ஓர இருக்கைகள். தொடக்க விழாவின் பொன்னாடைகளைப் பற்றி எழுத இடம் போதாது.

முன்பெல்லாம் படம் முடிந்ததும் இயக்குநரை மடக்கிக் கேள்வி கேட்போம். இப்போது அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டதென்று விளக்கைப் போட்டு விரட்டுகிறார்கள். அடுத்த முறை படங்களைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

– பழைய பார்வையாளர் ஒருவர்