சாட்சிக்கு காவல் இல்லாம செக்‌ஷனை மாத்தி என்ன பண்றது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

அரசியல் கொலைன்னாலே பயங்கரவாத வழக்கு போடணும்னு இப்ப நிறைய பேரு பேசறாங்க, எனக்கு அது சரியா படல. ராஜீவ் காந்தி வழக்கையே எடுத்துக்குங்க, தடாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான கோர்ட்டு 1998ல 26 பேருக்கும் தூக்குன்னுச்சு, 1999ல சுப்ரீம் கோர்ட்டு இதுக்கு தடா பொருந்தாதுன்னு சொல்லி கொலைக் குற்றத்துக்கு 7 பேரை மட்டும் தண்டிச்சுது, மத்த 19 பேரும் வெளிய வந்தாங்க.

இப்ப ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல பயங்கரவாதத்துக்குன்னே 113ன்னு தனி செக்‌ஷனே வந்தாச்சு, வழக்கை அதுல போடறதா, ஊபாங்கற (UAPA) சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துல போடறதான்னு முடிவு பண்றது எஸ்பி ரேங்க் அதிகாரி. ஊபான்னா ஜாமீன் குதிரைக்கொம்பு, நாளைக்கு ஆளுங்கட்சிக்கு ஆகாதவன் மேல இதையே போட்டா?

எங்க மன்னார்குடி பக்கம் கட்சித் தகராறுல ஒருத்தரை வெட்டினதை நேர்ல பார்த்த டீக்கடைக்காரர் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி அலைஞ்சார், ராத்திரியானா யாராவது ஷட்டரை தட்டிட்டு போவானுங்க, கடைசியில இருட்டுல முகம் தெரியலைன்னு கூண்டுல சொல்லிட்டு வந்துட்டார், பாவம் அவரை என்னன்னு குத்தம் சொல்றது. வெண்மணியில 1968ல 44 பேரை எரிச்ச வழக்குல பண்ணையார்கள் ஐகோர்ட்டுல விடுதலை ஆனாங்களே, செக்‌ஷன் பத்தாமலா?

முதல்ல சாட்சிக்கு காவல் போடச் சொல்லி எழுதுங்க சார்.

ஒரு வாசகர்,
மன்னார்குடி