தீர்ப்பை மட்டும் படித்துப் பாராட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய அமெரிக்க நீதிபதிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வட கரோலினா உச்ச நீதிமன்றத்தில் இருந்த தாமஸ் ரஃபினை, சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவித்த நல்ல மனிதராகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் மாவட்ட நீதிமன்ற ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மகள் குடும்பத்தோடு வட கரோலினாவில் இருக்கிறேன். ரஃபின் விட்டுச்சென்ற காகிதங்கள் இங்கே சேப்பல் ஹில்லில், பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்தில்தான் இருக்கின்றன.

முதலில் வழக்கு. சோவான் கவுண்டியில் ஜான் மான் என்பவர் லிடியா என்ற அடிமைப் பெண்ணை அவளுடைய உரிமையாளரிடமிருந்து ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். ஏதோ சிறு குற்றம் என்று சொல்லி அவளைச் சவுக்கால் அடித்தார். அவள் தப்பி ஓடினாள். நில் என்றார், நிற்கவில்லை. உடனே துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தினார். அடிமைமுறை ஊறிய அந்த ஊரின் ஜூரிகளே மான் செய்தது குற்றம் என்று சொன்னார்கள். ஐந்து டாலர் அபராதம் விழுந்தது. 1829இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது மான் தரப்பில் வக்கீல் யாருமே ஆஜராகவில்லை. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் மட்டும் தண்டனை நிற்க வேண்டும் என்று வாதாடினார். அப்படியிருந்தும், புதிதாகப் பதவிக்கு வந்திருந்த ரஃபின் தண்டனையை ரத்து செய்தார். அடிமையின் கீழ்ப்படிதல் முழுமையாக இருக்க வேண்டுமென்றால் எஜமானின் அதிகாரத்துக்கு எல்லையே இருக்கக் கூடாது என்று எழுதினார். அதே தீர்ப்பில், மனிதனாகத் தன் உணர்வுக்கும் நீதிபதியாகத் தன் கடமைக்கும் நடுவே கடுமையான போராட்டம் நடப்பதாகவும் சொன்னார்.

கட்டுரையாளர் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வரியைத்தான். அதற்காக அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அடிமைமுறையை எதிர்த்து எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவே தீர்ப்பைப் படித்துவிட்டு, முறையை வெறுத்தாலும் எழுதிய மனிதரை மதித்தார். சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்ட் அமெரிக்காவின் தலைசிறந்த பத்து நீதிபதிகளில் ஒருவராக ரஃபினைச் சேர்த்தார். எல்லோரும் பார்த்தது அச்சில் வந்த தீர்ப்பு.

இனி வில்சன் நூலகத்தில் ரஃபினின் காகிதப் பெட்டிகளில் இருப்பதைச் சொல்கிறேன். வாசகர் அறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். எங்கள் ரெக்கார்டு ரூமுக்கும் இப்படி ஒரு விதி இருந்திருக்கலாமே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. வழக்குக் காகிதங்கள், கட்சிக்காரர்களின் கடிதங்கள், பண்ணைக் கணக்கு, குடும்பக் கடிதங்கள் என்று எல்லாம் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. லிடியா வழக்குத் தீர்ப்பை ரஃபின் எழுதிப் பார்த்த முன்வரைவுகளும் உண்டு. கூடவே ஆள் வியாபாரக் காகிதங்களும் இருக்கின்றன. ரஃபின் வக்கீலாக நல்ல பெயரோடு இருந்த 1821இல், பெஞ்சமின் சேம்பர்ஸ் என்பவரோடு பங்கு போட்டு அடிமை வியாபாரத்தில் இறங்கினார். ரஃபின் முதல் போடுவார். சேம்பர்ஸ் ஆட்களை விலைக்கு வாங்கித் தெற்கே கொண்டுபோய் விற்று வருவார். வரும் லாபத்தில் ரஃபினுக்குப் பங்கு. அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் போகும் வியாபாரம் அது. அப்புறம், 1824இல் ஆர்ச்சிபால்ட் மர்ஃபி எழுதிய கடிதம். இவர் ரஃபினுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். உன் பண்ணையில் மேற்பார்வையாளன் அடிமைகளைக் காட்டுமிராண்டித்தனமாக நடத்துகிறான் என்று அதில் எச்சரிக்கிறார்.

இதை வைத்துக்கொண்டு தீர்ப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எஜமானின் அதிகாரத்துக்கு எல்லை வைத்தால் யாருக்கு நஷ்டம் என்பது ரஃபினுக்குக் கைக்கணக்காகவே தெரியும். வேறு வழியில்லாமல் எழுதிய தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது? வழி இருந்தது. கீழமை நீதிமன்றம் சொன்னதை அப்படியே உறுதி செய்திருந்தால் போதும்.

இந்தக் காகிதங்களில் ஒரு பகுதி 1918 முதல் 1920 வரை நான்கு தொகுதிகளாக அச்சில் வந்தது. தொகுத்தவர் ஜே.ஜி. டி ருல்ஹாக் ஹாமில்டன், ரஃபினின் வம்சத்தில் வந்தவர். அவரை நான் சிறுமைப்படுத்தவில்லை. தெற்கத்திய ஆவணங்களுக்கென்று இதே பல்கலைக்கழகத்தில் ஒரு சேகரிப்பை 1930இல் தொடங்கியவரும் அவர்தான். அவர் உழைக்காவிட்டால் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருந்தவை கரையானுக்குப் போயிருக்கும். ஆனாலும் தொகுப்பு என்றால் ஒருவர் எடுத்தது, ஒருவர் விட்டது. ஒரு கேஸ் கட்டிலிருந்து நாலு தாளை உருவிவிட்டால் மீதித் தாள்கள் சொல்வது வேறு கதையாகிவிடும். ஆயுள் முழுக்கக் கட்டுகளோடு இருந்தவள் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். ரஃபினின் வியாபாரத்தைச் சட்ட ஆய்வாளர்கள் எரிக் முல்லரும் சாலி கிரீனும் பொதுவெளியில் உரக்கப் பேச, இந்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

2020இல் மாநிலத் தலைநகர் ராலியில் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த ரஃபின் சிலையை எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த ஆளுயரப் படத்தையும் எடுத்தார்கள். இதனால் வரலாறு அழிந்துவிட்டதாகக் கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். ரஃபினின் ஒரு தாளைக்கூட யாரும் அழிக்கவில்லை. அடையாள அட்டையோடு போனால் என்னைப் போன்ற வெளியாளுக்கும் எடுத்துத் தருகிறார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு நீதி கேட்டு வரும் கறுப்பின மக்கள் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் மாறியிருக்கிறது. அது சரியான காரியம் என்றே நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையில் ரஃபினின் பெயர் பத்தி தவறாமல் வருகிறது. சுடப்பட்டவளைப் பற்றி 'ஓர் அடிமைப் பெண்' என்று மட்டுமே இருக்கிறது. உங்கள் இணையப் பதிப்பிலாவது லிடியா என்ற பெயரையும், 1821 ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
டர்ஹாம், வட கரோலினா